மண்ணும் மரமும் முதலில், ஊஞ்சல் பிறகு

ஓர் அரசுப் பள்ளிக்கு நன்கொடை வருகிறது. கொடுப்பவர் முன்னாள் மாணவராக இருக்கலாம், பக்கத்துத் தொழிற்சாலையாக இருக்கலாம். "பிள்ளைங்க விளையாட ஏதாவது வாங்கிப் போடுங்க சார்" என்கிறார். சில நாளில் தலைமையாசிரியரின் மேசைக்கு வண்ணப் படங்களோடு விலைப்பட்டியல் ஒன்று வந்துசேர்கிறது. சறுக்குமரம் ஒன்று, ஊஞ்சல் இரண்டு, ஏறி இறங்க இரும்புக் கம்பிக் கூண்டு ஒன்று. மைதானத்தின் ஓர் ஓரத்தில் சிமெண்ட் போட்டு அவற்றை நடுகிறார்கள். திறப்பு விழா முடிகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பள்ளியில் 300 பிள்ளைகள், இடைவேளை 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஊஞ்சலில் ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் இரண்டிலும் சேர்த்து 30 பேர் ஆடலாம். சறுக்குமரத்தில் நிமிடத்துக்கு மூன்று பேர் வீதம் 45 பேர். கம்பிக் கூண்டில் ஒரு 25 பேர் தொற்றிக்கொள்ளட்டும். ஆக மொத்தம் 100. மிச்சமுள்ள 200 பேர் அந்தப் பதினைந்து நிமிடமும் எங்கே நிற்கிறார்கள்? அவர்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது, தலைக்கு மேலே என்ன இருக்கிறது, கைக்கு என்ன கிடைக்கிறது?

பள்ளி மைதானத்தைப் பற்றி உலகின் பல நகரங்களில் தீவிரமாக யோசித்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விகளுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால் செலவு செய்ய வேண்டிய ஒழுங்கும் தெளிவாகிறது. முதலில் தரையும் நிழலும். அடுத்து, பிள்ளைகள் தங்கள் கையால் நகர்த்தி மாற்றக்கூடிய பொருள்கள். சிமெண்டில் நட்டுவைக்கும் கருவிகள் கடைசியில்.

இதற்கு இன்று கண்முன் இருக்கும் பெரிய உதாரணம் பாரிஸ். 2003 ஆகஸ்டில் பிரான்ஸை வாட்டிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பாரிஸில் புதிதாகப் பூங்கா போட இடம் கிடைப்பது அரிது. நகரைக் குளிர்விக்க எங்கே நிலம் இருக்கிறது என்று நகராட்சி தேடியபோது அகப்பட்டவை பள்ளி முற்றங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 70 ஹெக்டேருக்கும் மேல், அதாவது 170 ஏக்கரைத் தாண்டும். அதில் பெரும்பகுதி தார் பூசிய வெறும் தரை. பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அதைத் திருப்பி உமிழும் தரை. மழை பெய்தால் ஒரு சொட்டும் உள்ளே இறங்காமல் சாக்கடைக்கு ஓடிவிடும். பாரிஸில் வசிக்கும் அநேகமாக எவருக்கும் நடந்துபோகும் தூரத்தில், சில நூறு மீட்டருக்குள், இப்படி ஒரு முற்றம் உண்டு.

2017-இல் நகராட்சி திட்டம் தீட்டியது. 2018-இல் மூன்று பள்ளிகளில் வேலை தொடங்கியது. 'ஒயாசிஸ் முற்றங்கள்' என்று பெயர். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் தார் பெயர்க்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் மண், மரச் சீவல், நீர் உள்ளிறங்கும் வெளிர்நிறத் தளம் ஆகியவை வந்திருக்கின்றன. மரங்கள் நட்டார்கள். சுவரில் கொடி ஏற்றினார்கள். மேடுபள்ளமே இல்லாத முற்றத்தில் சிறு மண்மேடுகளை எழுப்பினார்கள். மழைநீர் ஓட ஆழமில்லாத வாய்க்கால் வெட்டினார்கள். அடிமரத் துண்டுகளை அரைவட்டமாக அடுக்கி உட்கார இடம் செய்தார்கள். சில பள்ளிகளின் முற்றம் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தவருக்கும் திறந்திருக்கிறது.

இவற்றைவிட முக்கியமானது, மண்வெட்டி எடுப்பதற்கு முன் நடந்த வேலை. பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்துத் தங்கள் முற்றத்தை வரையச் சொன்னார்கள். எங்கே ஓடுகிறாய், எங்கே ஒளிகிறாய், எந்த மூலைக்குப் போகப் பிடிக்காது, எங்கே வெயில் சுடுகிறது என்றெல்லாம் கேட்டார்கள். மாதிரி வடிவங்களைப் பிள்ளைகளே செய்தார்கள். பெரியவர்கள் எதிர்பார்த்தது பெரிய பெரிய கருவிகளைத்தான். ஆனால் இத்தகைய பயிற்சிகளில் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது மரம், தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் இடம், சத்தமில்லாமல் உட்கார ஓர் இடம். இளம் கட்டடக்கலைஞருக்கோ ஐம்பது வயதில் இருக்கும் தலைமையாசிரியருக்கோ 'உட்கார இடம்' விளையாட்டுப் பொருளாகத் தோன்றாது. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன் தோழியோடு பேச ஒரு மூலை கிடைப்பதும் விளையாட்டின் பகுதிதான்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் உடையில் சேறு, வகுப்பறைக்குள் மண், கூட்டித் துடைப்பவர்களுக்குக் கூடுதல் வேலை என்று புகார்கள் எழுந்தன. நியாயமான புகார்கள் அவை. மண் தரை வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் வகுப்பு வாசலில் கால் கழுவக் குழாயும் கால் துடைக்க மிதியடியும் போட்டுத் தர வேண்டும், துப்புரவுப் பணியாளரின் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைச் செய்யாமல் பழியை மண்ணின் மேல் போட முடியாது.

பாரிஸ் திட்டத்தில் இன்னொரு இழையும் உண்டு. பிரான்ஸின் புவியியல் ஆய்வாளர் எடித் மாரூஜூல் பள்ளி முற்றங்களில் யார் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் உற்றுப் பார்த்தவர். நடு முற்றத்தில் கால்பந்துக் கோடு போடப்பட்டிருக்கிறது. அதற்குள் சில பையன்கள் ஓடுகிறார்கள். பெண் பிள்ளைகளும், பந்து விளையாட்டில் நாட்டமில்லாத பையன்களும் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போக வேண்டுமென்றால் பந்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை. தரையில் போட்ட கோடே விரட்டிவிடுகிறது.

இந்தக் காட்சிக்காகப் பிரான்ஸ் வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண், பெண் இருபாலரும் படிக்கும் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் மதிய உணவு நேரத்தில் போய் நின்றால் போதும். நட்ட நடுவில் கிரிக்கெட். ஸ்டம்புக்குப் பதில் செங்கல் அடுக்கியிருக்கும். மேல்வகுப்புப் பையன்கள் மட்டை பிடித்திருப்பார்கள், கீழ்வகுப்புப் பையன்கள் பந்து பொறுக்குவார்கள். பெண் பிள்ளைகள் வராந்தாப் படியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருப்பார்கள். பாண்டி ஆடவோ ஏழாங்கல் ஆடவோ அவர்களுக்குத் தேவைப்படும் இடம் சில அடி நிழல். அதுகூடக் கட்டடத்தின் நிழலாகத்தான் கிடைக்கிறது, மைதானத்தில் கிடைப்பதில்லை.

இதற்குத் தீர்வாக மட்டையைப் பிடுங்க வேண்டியதில்லை. பந்தாட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதற்கும் மற்ற இடத்துக்கும் நடுவே மரவரிசையோ இடுப்பளவு மண்திட்டோ வைத்தால் பந்து தாண்டாது, பயமும் தாண்டாது. மிச்ச இடத்தைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கலாம். மைதானத்தைச் சுற்றி ஒரு நடைபாதை போட்டால் பேசிக்கொண்டே நடக்கும் பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் அதுவே வழி. பெங்களூரில் கிலிகிலி என்ற அமைப்பு, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் மற்றவர்களோடு சேர்ந்து ஆடும்படி பொதுப் பூங்காக்களை மாற்றியமைக்கப் பல ஆண்டுகளாக உழைக்கிறது. 'சிறப்புக் குழந்தைகளுக்கு' என்று தனி மூலை ஒதுக்காமல் எல்லோரும் ஓரிடத்தில் விளையாட வழிசெய்வது அவர்களுடைய நோக்கம். பள்ளிகளும் அதையே பின்பற்ற வேண்டும். வாசலில் சாய்தளம் கட்டிவிட்டு மைதானம் முழுக்க மணலைக் கொட்டினால் அந்தப் பிள்ளை வாசலோடு நின்றுவிடும்.

பணம் குறைவு என்பவர்களுக்கு ஆம்ஸ்டர்டாமின் கதை நல்ல பாடம். இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். நகரம் வறுமையில் கிடந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் விறகுக்காக ஆளில்லாத வீடுகளின் மரச்சட்டங்களைக்கூட மக்கள் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். வீடுகள் இடிந்து காலிமனைகள் பெருகின. அந்த நிலையில் நகரப் பொதுப்பணித் துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்த இளம் கட்டடக்கலைஞர் ஆல்டோ வான் ஐக், 1947-இல் பெர்டல்மன்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில் ஒரு விளையாட்டிடம் அமைத்தார். அங்கே இருந்தவை மிகச் சில பொருள்கள்தான். அகலமான கான்கிரீட் விளிம்போடு ஒரு மணல்குழி, சில உருண்டைக் கற்கள், கரணமடிக்க இரும்புக் கம்பிகள், ஓரத்தில் பெஞ்சுகள், மரங்கள். அந்த வட்டாரத்துக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று பிற பகுதிகளிலிருந்து நகராட்சிக்குக் கடிதங்கள் வந்தன. 1978 வரை அவர் அமைத்தவை எழுநூறுக்கும் மேல்.

வான் ஐக் யானை வடிவச் சறுக்குமரம், ஒட்டகச்சிவிங்கி ஏணி போன்றவற்றைத் தொடவே இல்லை. யானையாகவே செய்துவிட்டால் பிள்ளை அதை வேறு எதுவாகவும் கற்பனை செய்ய இடமில்லை என்பது அவர் கட்சி. வெறும் கம்பி வளைவு காலையில் வீடாகும், மதியம் கப்பலாகும், சாயங்காலம் சிறைச்சாலையாகும். மணல்குழியின் விளிம்பை அவர் வேண்டுமென்றே அகலமாக்கினார். சின்னப் பிள்ளை அதில் மண்சோறு வைத்து விற்கும், பெரிய பிள்ளை அதன்மேல் ஓடும், அம்மா அதில் உட்காருவார். ஒரே பொருளுக்கு மூன்று உபயோகம்.

தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் இதற்கான பொருள்கள் கிடைக்கும். கிணற்று உறை, பெரிய சிமெண்ட் குழாய், பனைமரத் துண்டு, வெவ்வேறு உயரத்தில் மூன்று குழாய்க் கம்பிகள். உள்ளூர்க் கொத்தனாரும் வெல்டரும் சேர்ந்தால் வேலை முடிந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம் உடைந்தால் மாற்றுத் துண்டுக்குக் கம்பெனிக்குத்தான் எழுத வேண்டும். பனந்துண்டு உளுத்துப்போனால் வேறொன்றை உருட்டிப் போடலாம்.

இங்கே பெங்களூரின் ஆண்ட்ஹில் கிரியேஷன்ஸ் அமைப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. காரக்பூர் ஐஐடியில் கட்டடக்கலை படித்த பூஜா ராய் தொடங்கியது. பழைய லாரி, கார் டயர்களைச் சேகரித்துச் சுத்தம் செய்து, வண்ணம் அடித்து, ஊர்க்காரர்களையும் தன்னார்வலர்களையும் கூட்டிக்கொண்டு பள்ளிகளில் விளையாட்டிடங்களைக் கட்டுகிறார்கள். நாடெங்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கட்டியிருக்கிறார்கள். டயர் வளையும், விழுந்தாலும் அவ்வளவாக அடிபடாது, துருப்பிடிக்காது, விலை மலிவு. ஆனால் இதைப் பார்த்து டயரைப் புதைக்கக் கிளம்பும் பள்ளிகள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கும் டயரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஆகவே ஒவ்வொரு டயரிலும் அடிப்பக்கம் துளையிட வேண்டும். உள்ளே இருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரைத் தொடவே கூடாது.

நட்டுவைத்த பொருள்களைவிடப் பிள்ளைகளை அதிக நேரம் கட்டிப்போடுபவை நகர்த்தக்கூடிய பொருள்கள். டென்மார்க் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த 1943-இல் கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் இது முதன்முதலில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. தோட்டக்கலைஞர் கார்ல் தியோடர் சோரன்சன், தான் வடிவமைத்த அழகான விளையாட்டிடங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் குப்பைமேட்டிலும் போய் விளையாடுவதைக் கவனித்தவர். பலகை, செங்கல், கயிறு, சுத்தியல் இவற்றோடு ஒரு திடலை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கூட ஒரு பெரியவர் இருந்தார். பிள்ளைகள் குடிசை கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். போருக்குப் பின் அங்கே போய்ப் பார்த்த பிரிட்டனின் குழந்தைகள் நல ஆர்வலர் லேடி ஆலன், குண்டுவீச்சில் இடிந்த லண்டன் மனைகளை இதற்குப் பயன்படுத்தலாமே என்று எழுதினார். அப்படித்தான் இந்த வகைத் திடல்கள் இங்கிலாந்துக்குப் பரவின.

1971-இல் பிரிட்டிஷ் சிற்பி சைமன் நிக்கல்சன் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஓரிடத்தில் மாற்றக்கூடிய பொருள்கள் எவ்வளவு அதிகமோ, அங்கே புதிதாக எதையாவது கண்டுபிடிக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம் என்றார். கடற்கரையில் பிள்ளைகளுக்கு ஏன் அலுப்பதே இல்லை என்று யோசித்தால் அவர் சொன்னது புரியும். மணல், தண்ணீர், சிப்பி, கயிறு எல்லாம் கைக்கு வளைந்துகொடுக்கும்.

சிட்னியில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சிலவற்றில் டயர், பால் கிரேட், பெட்டி, துணி என்று விலையில்லாப் பொருள்களை மைதானத்தில் போட்டார்கள். எப்படி விளையாட வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. 13 வாரத்துக்குப் பின் அளந்தபோது அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் இடைவேளையில் கூடுதலாக ஓடியாடியது தெரிந்தது. கூடியது பெரிய அளவு இல்லை, ஓரிரு நிமிடந்தான். ஆனால் கனமான டயரை ஒரு பிள்ளையால் தூக்க முடியாது, நான்கு பேர் சேர வேண்டும். அந்த நான்கு பேரும் முதலில் பேசி முடிவெடுக்க வேண்டும். இது எந்த அளவுகோலிலும் ஏறாத பயிற்சி.

இந்தத் தலைமுறைத் தாத்தா பாட்டிகளுக்கு இதெல்லாம் தெரியாத சங்கதி கிடையாது. கிட்டிப்புள் கருவேலங்குச்சியில் வந்தது. நுங்கு வண்டி பனையிலிருந்து வந்தது. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை, ஏழாங்கல்லுக்கு ஜல்லிக் குவியல், பாண்டிக்கு உடைந்த ஓட்டுச்சில்லு. ஒன்றையும் கடையில் வாங்கவில்லை. பள்ளி வளாகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் குச்சியும் கல்லும் சில்லும் வாரிக் கொட்டப்பட்டு, மேலே சிமெண்ட் பாவுக்கற்களும் பதிக்கப்பட்டபோது இந்த ஆட்டங்களின் மூலப்பொருளும் சேர்ந்தே போய்விட்டது. பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று குறைசொல்வது பாதி உண்மைதான்.

"விழுந்து கையை உடைச்சுக்கிட்டா யார் பதில் சொல்றது?" ஆசிரியர்களின் இந்தக் கேள்வி பொய்யில்லை. அடிபட்ட பிள்ளையின் பெற்றோர் கேட்பது அவர்களைத்தான். அதனால்தான் ஓடாதே, ஏறாதே, குதிக்காதே என்ற கட்டளைகள் பிறக்கின்றன. நார்வேயின் ட்ரொண்ட்ஹைமில் பேராசிரியராக இருக்கும் எலன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தாமாகவே தேடிப்போகும் சாகச விளையாட்டுகளை ஆறாக வகைப்படுத்தினார். உயரம் ஏறுவது, வேகமாகப் போவது, கூரான கருவிகளைக் கையாள்வது, நெருப்பு, தண்ணீர் போன்றவற்றின் அருகில் விளையாடுவது, கட்டிப்புரண்டு மல்லுக்கட்டுவது, பெரியவர் கண்ணுக்கு மறைவாய்ப் போவது. இவை எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் பிள்ளைகள் அடங்கிப்போவதில்லை. கண்காணிப்பு இல்லாத இடத்தில் போய் அதையே செய்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த இடம் பல சமயம் கிணறாகவும் கல்குவாரிக் குட்டையாகவும் இருக்கிறது.

நியூசிலாந்தில் 16 பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. பாதிப் பள்ளிகளில் மைதானத்தைச் சற்றுச் சவாலானதாக மாற்றி, கட்டுப்பாடுகளையும் தளர்த்தினார்கள். அங்கே படித்த பிள்ளைகள் பள்ளியில் மகிழ்ச்சியாக இருப்பதாகவும், முன்பைவிட அதிகம் பேரோடு விளையாடுவதாகவும் சொன்னார்கள். தள்ளுமுள்ளும் கூடியிருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் அதை ஆசிரியரிடம் கொண்டுபோவது குறைந்திருந்தது. தகராறைத் தங்களுக்குள் முடித்துக்கொள்ளக் கற்றிருக்கிறார்கள் என்று இதை வாசிக்கலாம். பயந்து சொல்லாமல் விட்டார்கள் என்றும் வாசிக்கலாம். ஆகவே ஆசிரியர் மைதானத்தில் நிற்கத்தான் வேண்டும். விசில் மட்டும் சட்டைப்பைக்குள் இருக்கட்டும்.

பிள்ளைக்குத் தெரியும் ஆபத்து வேறு, தெரியாத ஆபத்து வேறு. மரக்கிளை எவ்வளவு உயரம் என்று ஏறுகிற பிள்ளைக்குத் தெரியும், அதற்கேற்ப அது கால் வைக்கும். ஊஞ்சல் சங்கிலியின் தேய்ந்த கண்ணியோ, புல்லுக்குள் மறைந்திருக்கும் சிமெண்ட் அடித்தளமோ அதற்குத் தெரியாது. டென்மார்க் தோட்டக்கலைஞர் ஹெல்லே நெபலோங் இன்னும் ஒருபடி மேலே போய், எல்லாப் படியும் ஒரே இடைவெளியில் இருக்கும் ஏணியைப் பற்றியே கவலைப்பட்டவர். அதில் ஏறும் பிள்ளை கவனிப்பதை விட்டுவிடுகிறது. சமமில்லாத பாறையும் வேரும் அதைக் கவனிக்கவைக்கின்றன.

தெரியாத ஆபத்துகளை ஒழிக்கத் திட்டவட்டமான அளவுகள் உண்டு. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டின்படி, விளையாட்டுக் கருவியில் 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட எந்தச் சந்தும் இருக்கக் கூடாது. அந்த அளவில் பிள்ளையின் உடல் நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். 9 அங்குல ஆழத்துக்கு மணல் போட்டிருந்தால் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். அதே ஆழத்துக்கு மரச்சீவல் போட்டால் 10 அடி வரை தாங்கும். இறுகிய மண்ணும் புல்லும் பாதுகாப்பான தளமே இல்லை என்கிறது கையேடு. நம் பள்ளிகளில் சறுக்குமரத்தின் அடிவாரத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் கால்பட்டுக் கால்பட்டுக் கல்லாய் இறுகிய மண்தான். கபடிக் களத்துக்காக மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கி மணல் கலக்கத் தெரிந்த உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதே கவனம் சறுக்குமரத்தின் கீழும் வேண்டும். எம்-சாண்ட் இதற்கு ஒத்துவராது, அது உடைகல், முனை கூராக இருக்கும். வெறும் இரும்புத் தகட்டுச் சறுக்கை நிழலில் வைக்க வேண்டும் என்றும் அந்தக் கையேடு சொல்கிறது. சித்திரை வெயிலில் அது தோசைக்கல்தான்.

மண்ணில் விளையாடுவது உடம்புக்குக் கெடுதல் என்று பயப்படும் பெற்றோருக்காகப் பின்லாந்தின் ஆய்வு ஒன்று. லாஹ்டி, தாம்பரே நகரங்களின் பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்தது. சரளைக்கல் முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்தரையையும் கொண்டுவந்து பரப்பினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 75 பேர் ஆய்வில் இருந்தார்கள். 28 நாளில் அந்த முற்றங்களில் விளையாடியவர்களின் தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் பெருகின. இரத்தத்தில் நோயெதிர்ப்பைச் சீராக்கும் குறியீடுகளும் மேம்பட்டன. முடிவுகள் 2020-இல் வெளியாயின. குழந்தைகள் குறைவு, காலமும் குறுகியது என்பதால் இதை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனாலும் ரப்பர் பாய் விரித்த தரையைச் சுகாதாரத்தின் உச்சம் என்று விளம்பரம் செய்யும் பள்ளிகள் யோசிக்க வேண்டிய செய்தி.

சட்டம் என்ன சொல்கிறது? 2009 கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றில் கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம் ஆகியவற்றோடு விளையாட்டு மைதானத்தையும் சேர்த்திருக்கிறது. 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், விதிப்படி மைதானம் இல்லாத பள்ளிகளை மூடும் அளவுக்குக்கூட அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்று கடுமையாகத் தீர்ப்பளித்தது. ஆனால் மைதானம் என்ற பெயரில் ஒரு வெற்றிடம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். அங்கே நிழல் உண்டா, பதினொரு மணிக்கு வெறுங்காலோடு நிற்க முடியுமா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் ஜூனில் பள்ளி திறக்கும்போதும் வெயில், மார்ச், ஏப்ரலில் தேர்வு நடக்கும்போதும் வெயில். நிழல்தான் இங்கே முதல் விளையாட்டுச் சாதனம். வேம்பும் புங்கையும் பூவரசும் வறட்சியைத் தாங்கும், நல்ல அடர்த்தியான நிழல் தரும். நாவல் மரம் நிழலோடு தின்னவும் கொடுக்கும். முருங்கைக் கிளை சட்டென்று முறியும், ஏறும் பிள்ளைகள் உள்ள இடத்தில் அது வேண்டாம். அரளி பூக்க அழகுதான், ஆனால் செடி முழுக்க விஷம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது சாய்ந்த மரங்களில் குல்மொஹர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு வகைகள் ஏராளம். விரைவில் வளர்கிறது என்பதற்காக அவற்றைப் பள்ளிக்கூடத்தில் நடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எங்கே நடுவது என்பதும் கணக்குதான். பிற்பகல் இடைவேளையில் சூரியன் மேற்கே இருக்கும். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் வரிசையாக நின்றால்தான் மரங்களின் நிழல் அப்போது உள்ளே விழும். காலை இடைவேளையில் நிழல் எங்கே விழுகிறது, மூன்று மணிக்கு எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுப் பார்க்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் போதும். அறிவியல் பாடத்துக்கும் அது ஆகும். அதே வாரத்தில் இன்னொரு வகுப்பு, யார் எங்கே விளையாடுகிறார்கள் என்று மைதானத்தின் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வரலாம். ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம். வெள்ளிக்கிழமை அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டினால், எந்த இடம் யாருக்கும் உதவாமல் கிடக்கிறது என்று வெளியிலிருந்து வரும் எந்த ஆலோசகரையும்விடத் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன் கன்று நட்டால் கோடைக்குள் வேர் இறங்கிவிடும். ஆடு கடிக்காமல் கூண்டு வேண்டும். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், ஏப்ரல், மே விடுமுறையில் யார் என்பது முன்பே முடிவாக வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் கன்றுகள் சாவது இந்த இரண்டு மாதத்தில்தான். மரம் வளரும் வரை தென்னங்கீற்றுப் பந்தலோ பச்சை நிழல்வலையோ போடலாம். அரசுப் பள்ளிகளில் பெற்றோர்கள் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. மைதானத்துக்கென்று ஒருவரை அது நியமிக்கலாம். மாதம் ஒருமுறை ஊஞ்சல் கண்ணி, டயர்த் துளை, மணலின் ஆழம், வெளியே நீட்டிய ஆணி ஆகியவற்றைப் பார்த்து எழுத வேண்டியவரின் பெயரும், விடுமுறையில் தண்ணீர் ஊற்றும் முறையும் அந்தக் குழுவின் கூட்டப் பதிவேட்டில் ஏற வேண்டும்.